வரைபடத்தில் விடுபட்ட தெரு

போன மாதம் ஒரு சாயங்காலம். கடையநல்லூருக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு, நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை. 'நம் ஊர்' என்பது தலைப்பு. ஊரின் வரைபடம் வரைய வேண்டும், முக்கியமான இடங்களைக் குறிக்க வேண்டும், பெற்றோரின் தொழிலை எழுத வேண்டும், ஊரைப் பற்றிப் பத்து வரி எழுத வேண்டும். கோயில், பள்ளிவாசல், குளம், தென்னந்தோப்பு, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை என எல்லாவற்றையும் அழகாக வரைந்திருந்தாள். மலைமேல் சாரல்கூடப் பெய்துகொண்டிருந்தது. அவள் குடியிருக்கும் தெரு மட்டும் இல்லை.

“உங்க தெரு எங்கம்மா?” என்று கேட்டேன்.

“இடம் பத்தலக்கா” என்றாள்.

குளத்துக்குக் கிழக்கே ஒரு கை அகலத்துக்குத் தாள் வெள்ளையாகக் கிடந்தது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த வேலையைக் கொடுத்த ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் பாடப் புத்தகத்தை ஒப்பிக்க வைக்கிறவர் அல்ல. ஒரே தலைப்பை எடுத்து, வரைபடத்தில் சமூக அறிவியலையும், தூரத்தை அளப்பதில் கணக்கையும், பத்து வரியில் தமிழையும், மரம் செடிகளில் அறிவியலையும் கொண்டுவந்திருக்கிறார். பாடங்களை இணைத்துத் திட்டமிடுவது என்று ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறார். ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளை தன் தெருவைத் தானே அழிக்க வேண்டி வந்தது. பாடங்களை ஒன்றோடொன்று இணைத்தோம். யாருடைய வாழ்க்கையோடு இணைக்கிறோம் என்று யோசிக்கவில்லை. அந்தக் கேள்வியைத் திட்டமிடும்போதே கேட்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. படிப்பகம் நடத்துகிறவர்கள், இல்லம் தேடிக் கல்வியில் வேலை செய்தவர்கள், ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் என இதைப் படிக்கிற தோழர்கள் பலருக்கும் இது நாளைக்கே தேவைப்படும் விஷயம்.

இணைத்து நடத்துவது நமக்குத்தான் அதிகம் தேவை

குழந்தையின் மூளைக்குள் பீரியட் மணி அடிப்பதில்லை. மழை பெய்கிறது என்றால் அது அறிவியல், கணக்கு, பாட்டு, பயம், ஒழுகும் கூரை எல்லாம் சேர்ந்ததுதான். வீட்டில் படித்தவர்கள் இருக்கும் பிள்ளைக்கு, வகுப்பில் துண்டு துண்டாகக் கேட்டதைச் சேர்த்துக் காட்ட அம்மாவோ தாத்தாவோ இருக்கிறார்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அந்த வேலையைப் பள்ளிக்கூடம்தான் செய்ய வேண்டும். அதனால் இந்த முறை வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளிலேயே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, ஆட்டம், பாட்டு, அட்டை என்று கற்பிக்கிறது. தேசிய அளவில், 2005ஆம் ஆண்டின் கலைத்திட்டச் சட்டகத்துக்குப் பிறகு என்.சி.இ.ஆர்.டி. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அறிவியலையும் சமூக அறிவியலையும் ஒன்றாக்கிச் சூழ்நிலையியல் புத்தகங்களைக் கொண்டுவந்தது. முறைகளுக்குப் பஞ்சம் இல்லை. முறைக்குள் எதை வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

'பெற்றோரின் தொழில்' என்ற கட்டம்

படிப்பை வாழ்க்கையோடு இணைக்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்முடைய ஆட்கள் கொஞ்சம் உஷாராக வேண்டும். காரணம் வரலாற்றில் இருக்கிறது.

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் ஒன்றை நடுவில் வைத்து அதன் வழியாகவே கணக்கு, மொழி, அறிவியல் எல்லாவற்றையும் கற்பிப்பது. இன்றைக்கு நாம் பேசும் பாட இணைப்பின் ஒரு பழைய வடிவம் அது. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தது. பள்ளி நேரம் பாதியாகக் குறையும். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பா அம்மா செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்றது. அந்தத் திட்டத்துக்குச் சாதி என்ற சொல் தேவைப்படவில்லை. 'பெற்றோரின் தொழில்' என்பதே போதுமானதாக இருந்தது. பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று சரியான பெயர் வைத்தார். எதிர்ப்பு வலுத்தது, ராஜாஜி பதவி விலகினார், 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் போய்விட்டது. கட்டம் போகவில்லை. 'பெற்றோரின் தொழில்' என்ற அதே கட்டம் சேர்க்கைப் படிவத்தில் இருக்கிறது, ப்ராஜெக்ட் தாளில் இருக்கிறது, 'உங்களுக்கு உதவுபவர்கள்' என்ற பாடத்துக்கான பயிற்சியில் இருக்கிறது. டீச்சருக்கு அது ஒரு தகவல். வகுப்பில் இருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு அது ஒரு அறிவிப்பு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சமூகவியலில் முதுகலை முடித்து, படிப்பகத்தில் உற்சாகமாக வேலை செய்ய வந்த புதிதில் நானே செய்த தவறு இது. பட்டை வரைபடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொந்த வாழ்க்கையிலிருந்து தரவு எடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொருவராக எழுந்து அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்லச் சொன்னேன். விவசாயக் கூலி, கொத்தனார், டிரைவர், கேரளாவில் வேலை, கல்ஃபில் வேலை என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு பையன் ஏ.சி. மெக்கானிக் என்றான். அவன் அப்பாவைத் தினமும் காலையில் குப்பை வண்டியோடு பார்க்கிறவள் நான். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். பட்டை வரைபடத்தில் ஏ.சி. மெக்கானிக்குக்கு ஒரு கட்டம் போட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வர இரண்டு வாரம் ஆனது.

அந்தப் பையனுடைய அப்பாவின் வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை என்று நான் அவனுக்கு ஆயிரம் முறை சொல்லலாம். ஆனால் அதைக் கேவலமாக வைத்திருப்பது அவன் அல்ல, அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்த சமூகம். அந்தச் சமூகத்தை விட்டுவிட்டு அவனை எழுப்பி நிறுத்தியது நான்.

மிட்டாய்க் கணக்கு

எதிர்ப்பக்கத்துத் தவறு ஒன்றும் இருக்கிறது. எதையும் கேட்காமல், சாதி என்ற ஒன்றே இல்லாததுபோல் பாடம் நடத்துவது.

ஒன்றாம் வகுப்பிலிருந்தே நமக்குத் தெரிந்த கணக்கு: கையில் பத்து ரூபாய் இருக்கிறது, கடையில் ஆறு ரூபாய்க்கு மிட்டாய் வாங்கினால் மீதி எவ்வளவு? கணக்கு, தமிழ், சமூக அறிவியல் மூன்றையும் இணைக்க ஆசிரியர்கள் உடனே எடுப்பது கடைதான். வகுப்பறையிலேயே ஒரு கடை போடுவார்கள், பிள்ளைகள் பேரம் பேசுவார்கள், எல்லோருக்கும் குஷியாக இருக்கும்.

2022 செப்டம்பரில், எங்கள் தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் பட்டியலினப் பிள்ளைகள் காசோடு கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குத் தின்பண்டம் தரக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் கைதானார், கடைக்கு சீல் வைத்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் திருநெல்வேலி சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் மறுவாரம் வகுப்பில் உட்கார்ந்து மிட்டாய்க் கணக்குப் போடுவதை நினைத்துப் பாருங்கள். பத்து ரூபாய் கொண்டுபோனான், மீதி எவ்வளவு? பத்து ரூபாய்தான் மீதி. கணக்குப்படி அது தப்பு. அவன் வாழ்ந்தபடி அதுதான் சரி.

“சின்னப் பிள்ளைகளிடம் போய்ச் சாதியைப் பற்றிப் பேசலாமா, நாமே விதைத்த மாதிரி ஆகிவிடாதா” என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்களுக்கு என் பதில் பாஞ்சாகுளம். விதைக்கிறவர்கள் நமக்காகக் காத்திருக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாதி இன்னதென்று கடை வாசலில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் மட்டும்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

இப்படி இரண்டு பக்கமும் பள்ளம். பட்டியலினப் பிள்ளையை எழுப்பி நிறுத்திப் பாடப் பொருளாக்குவது ஒன்று. அப்படி ஒரு வாழ்க்கையே இல்லை என்று மூடி மறைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு பாடத்தைத் திட்டமிட முடியுமா? முடியும். தவறு செய்து, திருத்தி, எங்கள் படிப்பகத்தில் இப்போது நடத்தும் ஐந்து நாள் பாடத்தைச் சொல்கிறேன். தலைப்பு: தண்ணீர்.

ஐந்து நாள், ஒரு குடம் தண்ணீர்

*முதல் நாள், மழை எங்கிருந்து வருகிறது.* ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் நமக்குச் சாரலும் குற்றால சீசனும். அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. நம் குளங்களை நிரப்புவது பெரும்பாலும் இதுதான். மலையை மண்ணில் குவித்து, மேலே தண்ணீர் ஊற்றி, கருப்பாநதி அணை எங்கே வரும், கால்வாய் எப்படி ஓடும், குளம் எங்கே நிறையும் என்று பிள்ளைகளே செய்து பார்க்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கும் இதில் கூச்சம் இல்லை. மழை எல்லோருக்கும் பொது.

*இரண்டாம் நாள், குடம்.* ஒரு லிட்டர் பாட்டிலால் ஒரு பிளாஸ்டிக் குடத்தை நிரப்பி எண்ண வேண்டும். எங்கள் குடத்துக்குப் பதினைந்து லிட்டர் பிடித்தது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து வீட்டுக்கு வைத்திருக்கும் அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். எத்தனை குடம்? பதினெட்டுக் குடம் நிறைந்து, பத்தொன்பதாவது குடத்தில் ஐந்து லிட்டர். பெருக்கல், வகுத்தல், மீதி மூன்றும் வந்துவிட்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'உங்கள் வீட்டுக்கு எத்தனை குடம் வருகிறது' என்று நாங்கள் கேட்பதில்லை. பதினெட்டுக் குடம் என்றதும் பிள்ளைகளே, “அவ்வளவா?” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பேச நினைக்கிற பிள்ளை பேசும். யாரையும் இழுப்பதில்லை.

*மூன்றாம் நாள், குழாயை எங்கே வைப்பது.* முக்கியமான நாள் இதுதான். கற்பனை ஊர் ஒன்று. தரையில் சாக்பீஸால் இரண்டு தெரு போட்டு, கூழாங்கற்களால் பத்து வீடு வைக்கிறோம். மேலத் தெருவில் ஆறு, கொஞ்சம் தள்ளிக் கீழத் தெருவில் நான்கு. ஒரே ஒரு குழாய்தான். எங்கே வைப்பீர்கள்? முதலில் ஆறு வீடு இருக்கும் தெருவில் வைப்பார்கள். பிறகு கீழத் தெருவின் கடைசி வீட்டிலிருந்து குடத்தோடு ஒரு பிள்ளை நடந்து வரும். அடிகளை எல்லோரும் எண்ணுவார்கள். மேலத் தெருப் பிள்ளைக்கு ஆறு அடி, கீழத் தெருப் பிள்ளைக்கு முப்பது அடி. சண்டை வரும். குழாயை நகர்த்துவார்கள், மறுபடி எண்ணுவார்கள். நியாயம் என்ற சொல்லை நான் சொல்வதில்லை. “இது நியாயமில்லக்கா” என்று அவர்கள் சொல்லும்வரை காத்திருக்கிறேன். ஒருமுறை ஆதிக்க சாதித் தெருவிலிருந்து வரும் ஒரு பையன்தான் அதை முதலில் சொன்னான். கூழாங்கல்லில் யாருடைய வீடும் இல்லை என்பதால் அவனால் அதைச் சொல்ல முடிந்தது.

*நான்காம் நாள், ஒரு கதை.* பள்ளியில் தாகம் எடுத்தாலும் பியூன் வந்து ஊற்றினால்தான் குடிக்கலாம், பியூன் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை என்று இருந்த ஒரு சிறுவனின் கதை. அந்தச் சிறுவன் வளர்ந்து, 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் எல்லோருக்கும் திறந்தது என்று அந்த ஊர் நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டிருந்தது. ஆனால் யாரும் இறங்க முடியவில்லை. அண்ணல் பிறந்தது 1891 ஏப்ரல் 14. மகாடில் அவருக்கு வயது என்ன? எல்லாப் பிள்ளைகளும் 36 என்பார்கள். மாதத்தையும் பாருங்கள் என்று சொன்னால் ஒன்றிரண்டு பேர் விரலை மடக்கி, 35 என்று கண்டுபிடிப்பார்கள். வரலாறும் கழித்தலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

*ஐந்தாம் நாள், கடிதம்.* அண்ணல் தலைமையேற்று வரைந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, கடை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பிள்ளைகளுக்குப் புரியும் சொற்கள் அவை. இவற்றில் யாரையும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் சொல்கிறோம். பிறகு கற்பனை ஊரின் பஞ்சாயத்துத் தலைவருக்கு, குழாயை எங்கே வைக்க வேண்டும், ஏன் என்று காரணத்தோடு கடிதம் எழுதுகிறார்கள். அடிக் கணக்கு கடிதத்துக்குள் சான்றாக வருகிறது. தமிழ்ப் பாடம்.

இதில் எந்த இடத்திலும் ஒரு பிள்ளையும் தன் சாதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை அடி எண்ணிப் பார்த்துவிட்டார்கள். எங்கள் பகுதியில் பல சமூகத்துப் பெண்களும் சுற்றும் பீடியை வைத்து இன்னொரு பாடமும் தயாரிக்கிறோம். 25 பீடி ஒரு கட்டு என்றால் ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு என்று தொடங்கலாம். ஆனால் அங்கேயே நிறுத்தினால் அது 1953க்குத் திரும்பிப் போவது. கூலி எவ்வளவு, முதுகுவலி யாருக்கு, லாபம் யாருக்கு, இந்த வேலைக்குப் பிள்ளைகள் ஏன் போகக் கூடாது என்றும் கேட்டால்தான் அது படிப்பு.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

இதெல்லாம் படிப்பகத்தில் முடியும், பள்ளிக்கூடத்தில் முடியுமா என்று கேட்பீர்கள். ஏற்கெனவே முடிந்திருக்கிறது. நான் மேலே சொன்ன என்.சி.இ.ஆர்.டி. சூழ்நிலையியல் வரிசையில், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'இந்த வேலையை யார் செய்வது?' என்ற பொருளில் ஒரு பாடம் வைத்தார்கள். துப்புரவு வேலை, அதைச் செய்கிறவர்களை மற்றவர்கள் நடத்தும் விதம், அம்பேத்கரின் சிறு வயது அனுபவம் எல்லாம் அதில் இருந்தன. பத்து வயதுப் பிள்ளைகள் நாடு முழுக்கப் படித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆவது பிரிவில், கலைத்திட்டம் அரசமைப்புச் சட்டத்தின் விழுமியங்களுக்கு ஏற்ப இருக்க வேண்டும், பிள்ளையைப் பயமும் அதிர்ச்சியும் பதற்றமும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தன் தெருவை வரையப் பயப்படும் பிள்ளைக்கு இந்தப் பிரிவு பொருந்தாதா? அதே சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு இருக்க வேண்டும். நம்முடைய அம்மாக்கள் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். பெரும்பாலும் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், கையில் சாதிக் கயிறு வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அவசியமான பரிந்துரைகள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் கயிற்றை அறுப்பதற்கு முன்னால், நாலாம் வகுப்பில் அந்தக் கயிறு எப்படித் திரிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் சொல்லை எடுத்துவிட்டால் அந்தத் தெருவை வரைய அந்தப் பிள்ளைக்குத் தைரியம் வந்துவிடுமா?

தோழர்களே, உங்களால் செய்ய முடிந்தது இது. பாடம் திட்டமிடும் எவரோடு உட்கார்ந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் செயல்பாட்டில் எந்தப் பிள்ளையாவது தன் வீட்டை வகுப்புக்கு முன் திறந்து காட்ட வேண்டி வருமா? இந்தப் பாடத்தில் எந்தப் பிள்ளையின் வாழ்க்கையாவது இல்லாமலே போகிறதா? ஆதிக்க சாதித் தெருவிலிருந்து வரும் பிள்ளை இதில் புதிதாக எதைத் தெரிந்துகொள்ளும்? மூன்றாவது கேள்வியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சாதி ஒழிப்புப் பாடம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துவது அல்ல.

ஆசிரியர்களைப் பகைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. முப்பது பிள்ளை, ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஆன்லைன் பதிவேடு என்று அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். குறை சொல்வதற்குப் பதில் ஒரு வாரப் பாடத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கூழாங்கற்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அந்தப் பிள்ளையின் சார்ட் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டது. வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். அவள் அம்மா மேலாண்மைக் குழு உறுப்பினர். அடுத்த கூட்டத்துக்கு அவரோடு நானும் போகிறேன். முதலில் அந்தச் சுவரைப் பார்க்கப் போகிறோம். உங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரிலும் இப்படி வரைபடங்கள் ஒட்டியிருக்கும். போய்ப் பாருங்கள், எந்தத் தெரு விடுபட்டிருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்.